வால் பலூன் ரின்ஸ்காவும் பாலக் காவலரும்

ரின்ஸ்காவுக்கு முப்பத்தெட்டு வயதாகும்வரை பலூன் என்றால் பிள்ளைகள் அழ ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னால் கையில் வைத்திருக்கும் பொருள், அவ்வளவுதான். அவளுக்குத் தெரிந்தது மாடு. எண்பத்திரண்டு மாடு, மாட்டுக்கு நான்கு காம்பு, நாளைக்கு இரண்டு வேளை. கறவை இயந்திரத்தின் நான்கு குவளைகளையும் பார்க்காமலே காம்புகளில் மாட்டிவிட்டு, அதே மூச்சில் அடுத்த மாட்டைத் திட்டுவாள். ஒரு பனிக்காலத்தில் கணவன் ஹெஸ்ஸலின் முதுகு மடங்கி, இனி நிமிரமாட்டேன் என்று அடம்பிடித்தது. இருவரும் கூடிப் பேசி மாடுகளை விற்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு நான்கு மாதம் அவள் கை சும்மா இருக்க மாட்டாமல், வீட்டில் திருகக்கூடியதையெல்லாம் திருகிப் பார்த்தது. குழாய்கள் இரண்டு கையோடு வந்துவிட்டன.

அந்த நேரத்தில்தான் நாத்தனாரின் வெள்ளிவிழாக் கல்யாண நாள் வந்தது. கூடத்தை அலங்கரிக்க நாத்தனார் இருநூறு பலூன் வரவழைத்திருந்தாள். பையைப் பிரித்துப் பார்த்தால், ஒரு முனையில் ஊதுகிற வாய் ஒழுங்காக இருந்தது. மறுமுனை மட்டும் முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் விரல் நீளத்துக்கு ஒரு வாலாக நீண்டிருந்தது.

"பழுதான சரக்கைத் தலையில கட்டிட்டான் பாரு!" என்று நாத்தனார் கத்தினாள்.

உண்மையில் அது அலங்காரக்காரர்கள் வாங்கும் ரகம். ஒன்றின் வாலை அடுத்ததன் வாயோடு முடிந்துகொண்டே போனால் வளைவு கட்டலாம், தோரணம் விடலாம். ரின்ஸ்காவுக்கு அது அன்றைக்குத் தெரியாது. அவள் ஒன்றை ஊதி, கவிழ்த்துப் பிடித்து, வாலை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"பழுது ஒண்ணுமில்ல. இது மடி" என்றாள்.

சாயங்காலம் கூடத்து வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு பசு நின்றது. கறுப்பும் வெள்ளையுமான உடம்பு. அடியில் இளஞ்சிவப்பில் நான்கு பலூன், நான்கு வாலும் கீழே பார்த்தபடி. வந்தவர்களில் பாதிப்பேர் பண்ணைக்காரர்கள். அவர்கள் மணமக்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பசுவைச் சுற்றிக் கூடி நின்று, இது எத்தனை லிட்டர் கறக்கும் என்று வாதாட ஆரம்பித்துவிட்டார்கள். நாத்தனார் ஆறு மாதம் ரின்ஸ்காவோடு பேசவில்லை.

அதன்பிறகு அவளை யாரும் நிறுத்த முடியவில்லை. மாட்டுக் கொட்டகையைக் கழுவி, சுவரோரம் காற்று மோட்டாரை வைத்தாள். இரண்டு பலூனை வாயோடு வாய் முடிந்தால் ஜோடி. இரண்டு ஜோடியைக் குறுக்கே வைத்து ஒரு முறுக்கு முறுக்கினால் நாலு பலூன் கொத்து. கொத்தின்மேல் கொத்து வைத்து, வாலோடு வாலைப் பின்னிக்கொண்டே போனால் கால், இடுப்பு, மார்பு. மற்ற அலங்காரக்காரர்கள் வாலையெல்லாம் உள்ளே ஒளித்துவிடுவார்கள். ரின்ஸ்கா வெளியே விட்டாள். காற்றைக் கூட்டினால் வால் சுருங்கும், குறைத்தால் நீளும். உருண்டையை அமுக்கி வால் நுனிக்குள் கொஞ்சம் காற்றை ஏற்றினால் அங்கே ஒரு மொட்டு கிளம்பும். அந்த மொட்டில்தான் அவள் காது வைத்தாள், விரல் வைத்தாள், தாடை வைத்தாள். எல்லாவற்றுக்கும் மேலாக, மூக்கு வைத்தாள்.

ஊரை நடுங்க வைத்தது அந்த மூக்குதான்.

எங்கள் பக்கத்தில் ஒருவனுக்கு ஐம்பது வயது நிறைந்தால் அவன் வேதாகமத்தில் வரும் கிழவர் ஆபிரகாமைப் பார்த்துவிட்டான் என்பார்கள். பெண்ணாக இருந்தால் சாராவைப் பார்த்துவிட்டாள். அன்று காலை வீட்டு முன்தோட்டத்தில் ஓர் ஆபிரகாம் பொம்மையோ சாரா பொம்மையோ நின்றாக வேண்டும். அக்கம்பக்கத்தார் பழைய கோட்டில் வைக்கோலைத் திணித்துச் செய்வது வழக்கம். வைக்கோல் பொம்மைக்கு முகம் ஒரு தலையணை உறை. யாருக்கும் மனம் நோகாது. ரின்ஸ்கா பலூனில் ஆபிரகாம் செய்யத் தொடங்கியதும், சைக்கிளில் போகிறவன்கூட நூறு அடி தூரத்திலிருந்தே இது யாருடைய ஐம்பது என்று சொல்லிவிட்டான். அவளிடம் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. கண்ணில் பட்டதை அப்படியே செய்தாள். அதுதான் பயமாக இருந்தது.

எங்கள் ஊர் ஆல்ட்ஸீலில் நாற்பத்தொன்பது வயதானவர்கள் ரின்ஸ்காவிடம் திடீரென்று பிரியமாகிவிடுவார்கள். ரொட்டிக் கடைக்காரர் கேட்காமலே சர்க்கரை ரொட்டி சுற்றிக் கொடுத்தார். தபால்காரி தொப்பையை எக்கிப் பிடித்துக்கொண்டு கடிதம் நீட்டினாள். ரின்ஸ்காவுக்கு நாற்பத்து நாலு வயதாக இருந்த அந்த ஜூன் மாதத்தில், புகை போட்ட விலாங்கு மீன் ஒரு பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி கொட்டகை வாசலில் வந்து நின்றவர் ஃபோப்பா.

ஃபோப்பா பாலக் காவலர். ஊர் வாய்க்காலின் குறுக்கே இருக்கும் தூக்குப் பாலத்தை இருபத்திரண்டு வருடமாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். காலை ஒன்பதுக்குத் திறப்பார். பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை சாப்பாட்டு நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் ராணியே படகில் வந்தாலும் காத்துத்தான் இருக்க வேண்டும். ஒல்லியான ஆள், நெட்டை. மூக்கைப் பற்றி நான் சொல்வதைவிட, அவர் மழையில் நின்றால் சிகரெட் நனையாது என்று ஊரில் சொல்வார்கள் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

"வர்ற வியாழக்கிழமை எனக்கு ஐம்பது" என்றார் ஃபோப்பா.

"தெரியும். உக்காருங்க."

"உக்கார வரல. என் பொண்டாட்டி உங்கிட்ட வந்தாளா?"

"யாரு, பௌக்யாவா? வருவா, போவா. சிநேகிதிதானே."

ஃபோப்பா பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். "இந்தா பாரு ரின்ஸ்கா. நான் சட்டமா சொல்றேன். என் தோட்டத்துல எந்த பொம்மையும் நிக்கக் கூடாது. முன் தோட்டம், பின் தோட்டம், வேலியோரம், எங்கேயும் கூடாது. புரியுதா?"

"புரியுது."

"வாக்கு குடு."

"உங்க தோட்டத்துல நிக்காது. வாக்கு." அவள் பொட்டலத்தை மோந்து பார்த்தாள். "மீன் நல்லா இருக்கு ஃபோப்பா. கொஞ்சம் இப்படித் திரும்புங்க."

"எதுக்கு?"

"சும்மாதான்."

ஃபோப்பா திரும்பிவிட்டார். பக்கவாட்டில் நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

அவர் சைக்கிள் மறைந்ததும் அவள் பௌக்யாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். பௌக்யா தொலைபேசியில் சிரித்த சிரிப்பு, மேசையில் காபி குடித்துக்கொண்டிருந்த ஹெஸ்ஸலுக்கே கேட்டது.

"தோட்டத்துலதானே கூடாதுன்னாரு?" என்றாள் பௌக்யா. "எங்க படகுத்துறையில அவரோட படகு கட்டியிருக்கு. படகு தோட்டமாடி?"

"இல்ல."

"அப்ப அதுல நிக்கட்டும்!"

வியாழக்கிழமை காலை ஃபோப்பா வேலைக்குக் கிளம்பிப் போன ஐந்தாவது நிமிடம் ரின்ஸ்காவின் வண்டி அவர் வீட்டுப் பின்பக்கம் வந்து நின்றது. கால்களும் உடம்பும் முந்தின நாளே தயார். தலையையும் கைகளையும் துறையிலேயே செய்தாள். கருநீலத்தில் சட்டை, மேலே மஞ்சள் பாதுகாப்பு அங்கி, நீலத் தொப்பி. வலது கை முன்னால் நீண்டு, ஐந்து வால் விரலும் எதையோ வாங்கிக்கொள்வதுபோல் விரிந்திருந்தன. மூக்குக்கு இரண்டு பலூன் வீணாயிற்று. முதலாவது குட்டை, இரண்டாவது குடிகாரன் மூக்கு. மூன்றாவதைப் பாதிக் காற்றோடு நிறுத்தி, வாலை நன்றாக இழுத்து, நுனியில் பட்டாணி அளவு மொட்டு ஏற்றினாள். பௌக்யா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இருபத்தஞ்சு வருஷம் இதுக்குப் பக்கத்துல படுத்திருக்கேன். அதேதான்!"

இரண்டே முக்கால் மீட்டர் உயரம். படகின் நடுப்பலகையோடு கால்களை நான்கு இடத்தில் கட்டினாள். படகைத் துறையை விட்டு ஓரடி தள்ளிவிட்டால் நன்றாகத் தெரியும் என்று பௌக்யா சொல்ல, ரின்ஸ்கா கயிற்றை அவிழ்த்து, தள்ளி, மறுபடி முளையில் கட்டினாள். இங்கேதான் பிசகு. ஆறு வருடமாக அவள் விரல்களுக்குத் தெரிந்தது ஒரே முடிச்சு: விரலில் இரண்டு சுற்று, உள்ளே ஒரு நுழை, ஒரு இழு. ரப்பரில் அது பத்து நாள் நிற்கும். ஈரக் கயிற்றில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று அவள் யோசிக்கவில்லை.

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும். இருவரும் உள்ளே காபியும் ஆரஞ்சு கேக்கும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ரின்ஸ்கா இரண்டாவது துண்டைக் கடித்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்தாள்.

"பௌக்யா."

"ம்?"

"உன் புருஷன் எங்கடி?"

"பாலத்துல."

"அந்தப் புருஷன் இல்ல. இன்னொருத்தர்."

துறை காலியாக இருந்தது. தென்மேற்குக் காற்று ஒன்றும் பலமில்லை. ஆனால் நூற்று நாற்பது பலூனை வரிசையாக நிறுத்தினால் அது பாய்மரம்தான். ஆபிரகாம் வாய்க்காலின் நட்டநடுவில், கையை நீட்டியபடி, நிமிர்ந்த நெஞ்சோடு பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மூன்று வாடகைப் படகுகள் மரியாதையாக இடைவெளி விட்டு வந்தன.

ஹெஸ்ஸலுக்கு ஒரு போன் போட்டுவிட்டு, இருவரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கரையோரம் மிதித்தார்கள். ரின்ஸ்கா காலில் பௌக்யாவின் வீட்டுச் செருப்பு. முதலில் வந்த வாடகைப் படகில் ஒரு ஜெர்மன்காரர் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"முன்னாடி போறாரே, அவரைப் பிடிங்க!" என்று ரின்ஸ்கா கரையிலிருந்து கத்தினாள்.

"நான் ரெண்டு தடவை கை காட்டினேம்மா" என்றார் ஜெர்மன்காரர் வருத்தமாக. "திரும்பியே பாக்கல. ரொம்பக் கண்டிப்பான ஆளு போல."

பாலத்தை அடைந்தபோது மணி பன்னிரண்டு ஐந்து. மூடிய பாலத்துக்கு அடியில் ஒரு மீட்டர் இடைவெளிதான். படகு போய் மெல்ல முட்டி நின்றது. ஆபிரகாமின் மார்பு பாலத்தின் ஓரத்தில் சாய்ந்து, தலையும் நீட்டிய கையும் மேலே தெரிந்தன. அவருடைய மூக்கு நேராகக் காவலர் அறையின் ஜன்னலைக் காட்டிக்கொண்டிருந்தது. உள்ளே திரை இழுத்திருந்தது. ஃபோப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ரின்ஸ்கா கதவைத் தட்டினாள்.

"ஒரு மணிக்கு!" என்றது உள்ளேயிருந்து குரல்.

"ஃபோப்பா, நான்தான். கொஞ்சம் வெளிய வாங்க."

"ஒரு மணிக்கு!"

"உங்க படகு வந்து நிக்குது."

உள்ளே மெல்லும் சத்தம் நின்றது. திரை ஒரு விரல் அளவுக்கு விலகியது. திரைக்குப் பின்னால் ஒரு மூக்கும் வெளியே ஒரு மூக்குமாக, இரண்டும் ஒரு நிமிடம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. பிறகு திரை மூடிக்கொண்டது.

"வாக்கு குடுத்தியே!" என்றது குரல்.

"தோட்டத்துலன்னுதானே குடுத்தேன்?"

"பாலத்தைத் திறங்க, சாமி!" என்று பின்னாலிருந்த படகு ஒன்றிலிருந்து யாரோ கத்தினார். அரை மணி நேரத்துக்கு மேல் திரை அசையவில்லை; அதற்குள் படகு எட்டு ஆகிவிட்டது. பாலத்தின்மேல் சைக்கிள்காரர்கள் இறங்கி நின்று படம் எடுத்தார்கள்.

ஃபோப்பா சட்டையில் ரொட்டித் துணுக்கோடு வெளியே வந்தார். முகம் செங்கல் நிறம். "ஆளில்லாத படகுக்குப் பாலம் திறக்கிற விதி கிடையாது."

"ஆள் இருக்காரே" என்றார் ஜெர்மன்காரர் கீழேயிருந்து. "உங்க அண்ணனா?"

"அது பலூன்!"

"சரிதான். ஆனாலும் ஜாடை இருக்கு."

ஃபோப்பா ரின்ஸ்கா பக்கம் திரும்பினார். "ஊசி வச்சிருக்கியா?"

"இருக்கு."

"குத்து."

"மாட்டேன்."

"ரின்ஸ்கா!"

"தண்ணி மேல நான் ஒரு பலூன்கூடக் குத்தினதில்ல. துணுக்கெல்லாம் வாய்க்கால்ல விழும். வாத்து தின்னும். போன வருஷம் ஒருத்தன் ஆரஞ்சுத் தோலைத் தண்ணில போட்டான்னு நீங்க படகைத் துரத்திக்கிட்டு ரெண்டு கிலோமீட்டர் ஓடினீங்களே, மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. அப்போது பார்த்து மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. கருநீலப் பலூன் வெயிலைக் குடிக்கும். பட்டென்று ஒரு வெடி. இடுப்புப் பக்கம் ஒன்று போய்விட்டது. பாலத்தின்மேல் கூட்டம் "ஐயோ" என்றது. இரண்டு நிமிடத்தில் இன்னொன்று. நீலத் துணுக்கு ஒன்று காற்றில் சுழன்று, தண்ணீரை நோக்கி இறங்கி, கடைசி நொடியில் படகுக்குள் விழுந்தது. ஃபோப்பாவின் கண் அது விழும்வரை அதையே தொடர்ந்தது. சற்றுத் தள்ளி ஒரு வாத்து ஏழு குஞ்சுகளோடு என்னவோ ஏதோவென்று பார்க்க வந்துகொண்டிருந்தது.

"இன்னும் எத்தனை நீலம் இருக்கு?" என்று கேட்டார்.

"நாற்பத்திரண்டு."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஐம்பத்து மூன்று. ரின்ஸ்கா பிற்பாடு சொல்வாள்: ஒரு மனுஷன் இவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு முடிவுக்கு வந்ததை அவள் ஹெஸ்ஸல் மாடு விற்ற அன்றுகூடப் பார்க்கவில்லை. ஃபோப்பா தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தினார்.

மணி அடித்தது. பாலத்தின்மேல் நின்றவர்கள் கரைக்கு ஓடினார்கள், தடுப்புக் கட்டை இறங்கியது. பாலம் மெல்ல மேலே எழும்ப, ஆபிரகாம் நிமிர்ந்து நின்று, காற்றில் தானாக நகர ஆரம்பித்தார். இங்கே ஃபோப்பாவின் கை அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. படகு ஒன்று திறந்த பாலத்துக்குள் நுழைந்தால், தூண்டில் கோலின் நுனியில் கட்டிய மரச்செருப்பைப் படகுக்காரன் முன்னால் இறக்கிச் சுங்கம் வாங்குவது வழக்கம். இருபத்திரண்டு வருடம் அப்படி இறக்கிய கை, யோசிக்காமல் கோலை எடுத்து நீட்டியது. மரச்செருப்பு ஆடிக்கொண்டே இறங்கி, விரித்திருந்த ஐந்து வால் விரல்களுக்கு நடுவில் போய் மாட்டிக்கொண்டது.

படகு முன்னால் போயிற்று. செருப்பு கழன்று வரவில்லை. கயிறு விறைத்தது, கோல் வளைந்தது, ஃபோப்பா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓரத்தில் குதிகாலை ஊன்றினார். பலூன் ஃபோப்பா கை நீண்டு, தோள் திரும்பி, இடுப்பிலிருந்து மெதுவாக, மிக மெதுவாக, நிஜ ஃபோப்பாவைப் பார்த்துக் குனிந்தார்.

கூட்டம் கைதட்டியது. பௌக்யா சைக்கிளைப் போட்டுவிட்டுப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். ரின்ஸ்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பலூன் வெடித்துப்போன இடம். அங்கே மீதியெல்லாம் வாலோடு வால் பின்னியதுதான் தாங்க வேண்டும். ஒரு வால் நழுவினால் ஆள் இரண்டாகப் போய்விடுவார். முழங்கை இழுபட்டது, தோள் இழுபட்டது, இடுப்புக் கொத்து முறுகி முறுகிச் சின்னதாகியது. நழுவவில்லை. கடைசியில் விரல் வால்கள் வழுக்கிச் செருப்பை விட்டன. ஆபிரகாம் விருட்டென்று நிமிர்ந்து, கையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, அந்தப் பக்கம் போய்விட்டார். அங்கே ஹெஸ்ஸல் முதுகைப் பிடித்துக்கொண்டு கொக்கிக் கம்போடு காத்திருந்தான்.

"தாங்குச்சு" என்றாள் ரின்ஸ்கா, யாரிடமும் இல்லாமல். அவள் கண் கலங்கியிருந்தது. பௌக்யா அது சிரித்ததால் என்று நினைத்தாள்.

அன்று சாயங்காலம் ஃபோப்பா பதிவேட்டில் என்ன எழுதினார் என்பது ஊருக்கே தெரியும், ஏனென்றால் பௌக்யா படித்துவிட்டாள்: "12.53, குறித்த நேரத்துக்கு ஏழு நிமிடம் முன்னதாகத் திறப்பு. காரணம்: வாத்துகள்." ஊர்ச் செய்தித்தாளில் படம் வந்தது. அடியில், "இடது: பாலக் காவலர் ஃபோப்பா. வலது: பலூன் பொம்மை" என்று போட்டிருந்தார்கள். இடது வலது மாறிப்போயிருந்தது. ஃபோப்பா பத்திரிகை அலுவலகத்துக்குத் திருத்தம் கேட்டு எழுதினார். அதையும் போட்டார்கள், படத்தோடு மறுபடியும்.

ரின்ஸ்காவுடன் அவர் மூன்று வாரம் பேசவில்லை. நாலாவது வாரம் கொட்டகைக்கு வந்து, ஒரு முழக் கயிற்றை மேசைமேல் போட்டு, "படகு கட்டுற முடிச்சு இது. பாத்துக்கோ" என்று போட்டுக் காட்டிவிட்டுப் போனார். அவள் கற்றுக்கொள்ளவில்லை. அவள் விரல்கள் அதைப் பாதியில் பலூன் முடிச்சாக்கிவிட்டன. அதற்குப் பிறகு படகு வேலை வந்தால் ஹெஸ்ஸல்தான் கயிறு கட்டுவான்.

ஆறு வருடம் போயிற்று. அவளுக்கே ஐம்பது நெருங்கியது.

"பிறந்த நாளுக்கு நான் தீவுக்குப் போறேன்" என்றாள் ஹெஸ்ஸலிடம். "ரெண்டு நாள். நீங்க எல்லாரும் என்ன கூத்து வேணா அடிச்சுக்குங்க. நான் பாக்க மாட்டேன்."

தீவில் மழை. கப்பல்துறைக்கு எதிரே ஒரு கடையில் உட்கார்ந்து பட்டாணி சூப்பைக் கிளறிக்கொண்டு பதினோரு மணிக்குப் போன் செய்தாள்.

"தோட்டத்துல என்ன நிக்குது?"

"ஒண்ணுமில்லையே" என்றான் ஹெஸ்ஸல்.

"பொய் சொல்லாத."

"நிஜமாத்தான். பக்கத்து வீட்டுக் கோழி ஒண்ணு நின்னுச்சு. அதுவும் போயிடுச்சு."

பிற்பகல் கப்பலிலேயே திரும்பிவிட்டாள். முன்தோட்டத்தைப் பார்த்தாள், பின்தோட்டத்தைப் பார்த்தாள், கொட்டகைக்குள் விளக்கைப் போட்டுப் பார்த்தாள். எங்கும் ஒன்றுமில்லை. கோட்டைக் கழற்றாமல் நேரே பௌக்யா வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடித்தாள்.

"ஆறு தெரு ஆளுங்களுக்கும் நான் பண்ணியிருக்கேன். எனக்குன்னு ஒரு வைக்கோல் மூட்டைகூடவா கிடைக்கல?"

"யாருக்குடி தைரியம் வரும்?" என்றாள் பௌக்யா. "நாங்க நாலு பேர் கூடினோம். பலூன்கூட வாங்கிட்டோம். அப்புறம் நீ வந்து ஒவ்வொரு முடிச்சா இழுத்துப் பாப்பேன்னு ஃபோப்பா சொன்னாரு. எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க."

ரின்ஸ்கா யோசித்துப் பார்த்தாள். இழுத்துப் பார்த்திருப்பாள்தான்.

சனிக்கிழமை காலை காற்று மோட்டாரை முன்தோட்டத்துக்கு இழுத்து வந்து, கண்ணாடியை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்து, தன் சாராவைத் தானே செய்ய உட்கார்ந்தாள். சத்தம் கேட்டு ஊர் வேலியோரம் கூடியது. ரொட்டிக் கடைக்காரர் வந்தார், தபால்காரி வந்தாள், ஃபோப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். தொடுவதற்குத்தான் யாருக்கும் தைரியமில்லை. யோசனை சொல்லத் தாராளமாக இருந்தது.

"முழங்கை இன்னும் தடிமனா இருக்கணும்."

"தாடை ரெண்டு போடு. பயப்படாத."

"இடுப்புக்கு இன்னும் ரெண்டு கொத்து வேணும்" என்றார் ஃபோப்பா.

ரின்ஸ்கா கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். ஹெஸ்ஸலைப் பார்த்தாள். அவன் வானத்தைப் பார்த்தான்.

ஒரு கொத்து சேர்த்தாள். இரண்டாவதைப் பற்றி யாரும் பேச்செடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, அத்தனை பேருக்கும் காபி போட உள்ளே போனாள்.